மளிகை லைனுக்கு ஆள் எடுப்பதும் சம்பளம் அமைப்பதும்: ஒரு மசாலாத் தயாரிப்பாளருக்குப் பதில்

பெருந்துறைப் பக்கத்தில் சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, கறி மசாலா தயாரித்து, சுற்றுவட்டாரத்தில் ஏறக்குறைய 90 கடைகளுக்கு நீங்களும் உங்கள் தம்பியுமாகவே சரக்குப் போட்டு வருகிறீர்கள். இப்போது திருப்பூரிலும் அவிநாசியிலும் இறங்குவதற்கு மூன்று விற்பனைப் பிரதிநிதிகள் வேண்டும், அவர்களை எங்கே தேடுவது, மாதச் சம்பளம் இல்லாமல் விற்பனையில் 5 சதவீதக் கமிஷன் மட்டும் கொடுத்தால் ஆள் நிற்பாரா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் பதினெட்டு ஆண்டுகள் மளிகை லைனில், அதாவது கடை கடையாகப் போய் ஆர்டர் எடுத்துச் சரக்குப் போடும் வேலையில், இருந்தவன். முதலில் தோளில் பையை மாட்டிக்கொண்டு ஆர்டர் எடுத்தேன், பிறகு ஆறு பேருக்குச் சம்பளம் போட்டேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். சம்பளத்தை எப்படி அமைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே எப்படிப்பட்ட ஆள் உங்களிடம் வருவார் என்பதும் அமையும்.

ஆள் நிற்க மாட்டார். ஏன் என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். பைக்கில் போகும் ஒருவர் ஒரு நாளில் 35 முதல் 40 கடை வரை ஏறி இறங்க முடியும். பெயர் தெரியாத ஒரு மசாலாவுக்கு அந்த 40 கடையில் எட்டோ ஒன்பதோ கடைக்காரர்தான் ஆர்டர் கொடுப்பார். அவரும் பத்து ரூபாய்ப் பாக்கெட் சரம் நாலைந்தும், நூறு கிராம் பாக்கெட் ஒரு டஜனும் எடுத்து, “போகட்டும், பார்க்கலாம்” என்பார். ஒரு பில் சராசரியாக ரூ.600 என்று வைத்துக்கொண்டால், நாளுக்கு ஒன்பது பில்லில் ரூ.5,400, இருபத்தைந்து வேலை நாளில் ரூ.1,35,000. அதில் 5 சதவீதம் ரூ.6,750. நாளுக்கு 60 கிலோமீட்டர் வண்டி ஓட்டினால் பெட்ரோலுக்கு மட்டும் மாதம் ரூ.3,400 அளவுக்குப் போய்விடும். மீதி ரூ.3,350-ஐ வைத்துக்கொண்டு திருப்பூரில் ஒருவர் ஒற்றை அறைக்கு வாடகை கூடக் கட்ட முடியாது.

உங்கள் பொடி திருப்பூரில் ஓடுமா என்பது இன்னும் உங்களுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்வதற்கு ஆகும் செலவை, மாதச் செலவுக்கே வழி தேடி வந்திருக்கும் ஒருவரின் தலையில் கட்டுவதாகத்தான் “கமிஷன் மட்டும்” என்ற ஏற்பாடு ஆகிறது. இதற்கு ஒத்துக்கொண்டு வருபவர்கள் இரண்டு வகை. ஒருவர், வேறு வேலை கிடைக்கும் வரை ஒதுங்க இடம் தேடுபவர். மற்றவர், ஏற்கெனவே நாலு கம்பெனிச் சரக்கை எடுத்துக்கொண்டு லைன் போகிறவர். அவருக்கு உங்கள் பொடி ஐந்தாவது பொருள். இரண்டாமவர் உங்களுக்குப் பயன்படலாம், அவரைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். ஆனால் புதிய ஊரில் கடை கடையாகப் பிராண்டை அறிமுகப்படுத்துகிற வேலையை அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

ஆகவே முதல் மூன்று மாதமும் நிலையான சம்பளம்தான் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். ரூ.15,000 சம்பளம், பெட்ரோலுக்குக் கிலோமீட்டர் கணக்கில் ரூ.3,400, நாளுக்கு நூறு வீதம் பேட்டா ரூ.2,500, செல்போன் ரீசார்ஜுக்கு ரூ.350 என்றால் மொத்தம் ரூ.21,250 ஆகிறது. மேலே சொன்ன ரூ.1,35,000 விற்பனையில் இது 15 சதவீதத்துக்கும் மேல். கடைக்காரர் மார்ஜின் போக உங்களுக்கு 25 சதவீதம் நிற்கிறது என்றால், ரூ.33,750-இல் இவருக்கான செலவு போக ரூ.12,500 மிஞ்சும், டெலிவரி வண்டியும் ரிட்டர்னும் (விற்காமல் கடையிலிருந்து திரும்பி வரும் சரக்கு) அதைத் தின்றுவிடும். அதே ஆள் அதே லைனில் மாதம் இரண்டரை லட்சம் ரூபாய்க்கு வந்துவிட்டால் இந்தச் செலவு எட்டரை சதவீதமாக இறங்குகிறது. அந்த இடத்துக்கு வந்து சேரும் வரை, மாதம் எவ்வளவு நஷ்டத்தை எத்தனை மாதம் தாங்க முடியும் என்று முதலில் தம்பியோடு உட்கார்ந்து பேசுங்கள். மூன்று பேர் என்ற எண்ணிக்கையை நான் ஏற்காததற்கும் இதுவே காரணம். ஒருவரை எடுத்து, அவர் லைன் காலூன்றிய பிறகு இரண்டாமவரை எடுங்கள். அப்போது இரண்டாமவருக்கு வேலை கற்றுக்கொடுக்கவும் ஒருவர் இருப்பார்.

இந்த மூன்று மாதத்திலும் சம்பளத்துக்கு மேல் ஒரு சிறு தூண்டுதல் இருக்கலாம். ஆனால் அதைப் புதிய கடை திறந்ததற்காகக் கொடுக்காதீர்கள். முதல் ஆர்டர் பெரும்பாலும் முகத்துக்காகக் கிடைப்பது. பையன் வெயிலில் மூன்று முறை வந்துவிட்டான் என்று கடைக்காரர் இரக்கப்பட்டு எடுப்பதும் உண்டு. ஒரு கடை இரண்டாம் முறை ஆர்டர் கொடுத்து, முதல் பில்லுக்கான பணமும் வந்து சேர்ந்தால், அந்தக் கடைக்கு ரூ.50 என்று வையுங்கள். நான் ஒரு காலத்தில் புதிய கடைக்கு இவ்வளவு என்று அறிவித்துவிட்டு, ஒரே மாதத்தில் எண்பது கடை திறந்ததைக் கண்டு மகிழ்ந்தேன். அடுத்த மாதம் போய்ப் பார்த்தால் பாதிக் கடையில் எங்கள் சரம் ஷட்டருக்குப் பின்னால் தூசி படிந்து தொங்கியது.

நான்காம் மாதத்திலிருந்து சம்பளத்தோடு கமிஷனையும் கொண்டுவரலாம். எழுதிய பில்லுக்குக் கமிஷன் கொடுத்தால் மாதக் கடைசி மூன்று நாளில் சரக்கைக் கடைகளில் திணிப்பார்கள். “அண்ணே, இருக்கட்டும், போகலைன்னா நான் எடுத்துக்கிறேன்” என்று சொல்லிப் பெட்டியை இறக்கிவிட்டு, அடுத்த மாதம் பத்தாம் தேதிக்குள் அதையே ரிட்டர்னாக ஏற்றி வருவார்கள். இதைப் பெரிய கம்பெனிகளின் டிஸ்ட்ரிபியூட்டர்களிடம் பார்த்துப் பழகியவர்களுக்கு இது தவறாகவே தோன்றாது. வசூலான பணத்துக்குக் கமிஷன் என்று வைத்தால் இந்தப் பழக்கம் தானாகக் குறையும்; எந்தக் கடைக்குக் கடன் கொடுக்கலாம் என்பதையும் அவரே யோசிக்கத் தொடங்குவார். உதாரணமாக, மாத வசூல் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய தொகைக்கு 2 சதவீதம், இரண்டரை லட்சத்தைத் தாண்டியதற்கு 3 சதவீதம், பில் தேதியிலிருந்து 45 நாளுக்குப் பிறகு வரும் பணத்துக்குக் கமிஷன் கிடையாது, ரிட்டர்ன் வந்த சரக்கின் மதிப்பு அந்த மாத வசூலில் கழியும் என்ற நான்கு விதி போதும். மூன்று லட்சம் வசூலித்தவர் ஒன்றரை லட்சத்துக்கு மேல் வரும் முதல் ஒரு லட்சத்துக்கு ரூ.2,000, அடுத்த ஐம்பதாயிரத்துக்கு ரூ.1,500, ஆக ரூ.3,500 என்று மாலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே கணக்கிட்டுவிட முடிய வேண்டும். எக்ஸெல்லில் நீங்கள் போட்டுக் காட்டினால்தான் புரியும் என்கிற அளவுக்குத் திட்டம் சிக்கலானால், அவர் அதை நம்ப மாட்டார், அதற்காக உழைக்கவும் மாட்டார்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். அவர் எதிர்பார்த்ததைவிட அதிகம் சம்பாதிக்கத் தொடங்கியதும் சதவீதத்தைக் குறைக்காதீர்கள், நல்ல கடைகளை மட்டும் பிரித்து நீங்களே நேரடியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சிறு முதலாளிகளில் பத்துக்கு ஏழு பேர் இதைச் செய்து நான் பார்த்திருக்கிறேன். செய்தி அன்று மாலையே மற்ற லைன்காரர்களுக்குத் தெரிந்துவிடும். பிறகு உங்களிடம் நல்ல ஆள் வருவதே இல்லை.

டார்கெட் வைக்கும்போது ஊரின் நடப்பைப் பாருங்கள். திருப்பூரில் பனியன் கம்பெனிகள் பெரும்பாலும் சனிக்கிழமை வாரக் கூலி கொடுக்கின்றன. சனிக்கிழமை மாலையும் ஞாயிற்றுக்கிழமையும் கடைக்காரருக்கு நிமிர்ந்து பார்க்க நேரம் இருக்காது, அப்போது போய் நிற்பவர் திட்டு வாங்கிக்கொண்டு திரும்புவார். திங்கள், செவ்வாயில் கல்லாவில் பணம் இருக்கும். வசூலுக்கு அதுதான் நாள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் தொழிலாளர்கள் சொந்த ஊருக்குப் போய்விடுவதால் அனுப்பர்பாளையம், வீரபாண்டி போன்ற பகுதிகளில் தெருவே வெறிச்சோடும். அந்த மாதத்துக்கும் மற்ற மாதங்களுக்கும் ஒரே டார்கெட் வைப்பது, லைனில் நடந்தே பார்க்காதவர் செய்யும் வேலை.

இனி ஆளை எங்கே தேடுவது என்பதற்கு வருகிறேன். தினத்தந்தியில் வரி விளம்பரம் கொடுக்கலாம், வேலைவாய்ப்புச் செயலிகளில் போடலாம், மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை முகாமில் ஒரு மேசை போட்டு உட்காரலாம். இவற்றால் ஆட்கள் வருவார்கள். ஆனால் மளிகை லைனுக்கு இவற்றைவிட நல்ல வழி கடைக்காரரிடம் கேட்பது. திருப்பூரில் நீங்கள் நுழைய நினைக்கும் பகுதியில் இருபது கடைக்குப் போய், “உங்க கடைக்கு வர்ற பசங்கள்ல, சொன்ன நாள்ல சரியா வந்து, ரிட்டர்னை மறுபேச்சு இல்லாம எடுத்துட்டுப் போறவன் யாருங்க?” என்று கேளுங்கள். மூன்று நான்கு பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். அவர்கள் ஏதோ ஒரு டிஸ்ட்ரிபியூட்டரிடம் சோப்போ பிஸ்கெட்டோ தூக்கிக்கொண்டு, வருடக்கணக்கில் சம்பளம் ஏறாமல் இருப்பவர்களாக இருப்பார்கள். அப்படி ஒருவரை அழைக்கும்போது, இருக்கும் இடத்தில் கணக்கை முடித்து, முறையாகச் சொல்லிவிட்டு வரச் சொல்லுங்கள். அந்த டிஸ்ட்ரிபியூட்டரே நாளை உங்கள் சரக்கையும் எடுக்கக் கூடியவர். அவரைப் பகைத்துக்கொள்வது நல்லதில்லை.

வருபவரை அலுவலகத்தில் உட்கார வைத்துக் கேள்வி கேட்பதில் பெரிய பயன் இல்லை, ஏனென்றால் பேசத் தெரிந்தவர்கள்தான் இந்தத் தொழிலுக்கே வருகிறார்கள். ஒரு நாள் கூலி கொடுத்து லைனுக்குக் கூட அழைத்துப் போங்கள். கடைக்குள் நுழைந்ததும் அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். நல்ல ஆள் கடைக்காரர் முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே ரேக்கைப் பார்ப்பார். எந்தக் கம்பெனி மசாலா எத்தனை சரம் தொங்குகிறது, எது பாதி கிழிந்து ஓடியிருக்கிறது என்று அரை நிமிடத்தில் அளந்துவிடுவார். கடைக்காரர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தால் வாயைத் திறக்காமல் ஓரமாக நிற்பார். வாடிக்கையாளர் போன பிறகு பேசத் தொடங்குவார். நடு நடுவே அவரிடம், “கடைசியாப் பார்த்த லைன்ல எவ்வளவு பாக்கி விட்டுட்டு வந்தீங்க?” என்று கேளுங்கள். தொகையையும் கடைப் பெயர்களையும் தயங்காமல் சொல்பவரை நம்பலாம். பாக்கியே இல்லை என்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். ஓட்டுநர் உரிமம், வண்டியின் ஆர்.சி., இன்ஷூரன்ஸ் மூன்றையும் வாங்கிப் பாருங்கள். அசல் சான்றிதழையும் கையெழுத்திட்ட வெற்றுக் காசோலையையும் வாங்கிப் பூட்டி வைக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் இருக்கிறது, அது வேண்டாம். பணத்துக்குப் பயம் என்றால் ஊழியர் நம்பிக்கை மோசடிக்கென்றே காப்பீடு இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

பணம் என்றதும் எனக்கு நேர்ந்த ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எங்களிடம் நான்கு ஆண்டு வேலை செய்த ஒருவருக்கு மஞ்சள் காமாலை வந்து மூன்று வாரம் படுத்துவிட்டார். அவர் லைனை நான் பார்க்கப் போனேன். முதல் நாளிலேயே ஒரு கடைக்காரம்மா, பாக்கி என்று நான் காட்டிய பில்லை வாங்கிப் பார்த்துவிட்டு, ஆணியில் குத்தி வைத்திருந்த கட்டிலிருந்து அதே எண் பில்லை உருவி என் முன்னால் வைத்தார். அதில் “பெற்றுக்கொண்டேன்” என்று எங்கள் ஆளின் கையெழுத்தும் தேதியும் இருந்தன. அந்த வாரத்தில் பதினான்கு கடையில் ரூ.38,000. இன்று வசூலானதைத் தான் எடுத்துக்கொண்டு, நாளை வசூலாவதை இன்றைய பில்லுக்குக் கட்டி, இப்படியே ஆறு வாரமாகப் பணத்தை உருட்டியிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் காவல் நிலையம் வரை போக நினைத்தேன். எங்கள் கணக்குப்பிள்ளைதான் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார்: அவருக்கு நாங்கள் இரண்டு மாதப் பெட்ரோல் பணம் கொடுக்கவில்லை, மூன்று மாதமாகச் சம்பளம் பன்னிரண்டாம் தேதிக்கு மேல்தான் போயிருக்கிறது. முதலில் பெட்ரோலுக்காக வசூலில் கைவைத்தவர், பிறகு நிறுத்த முடியாமல் போயிருக்கிறார். அவர் செய்தது தவறுதான். ஆனால் அந்தத் தவறுக்கு வாசலைத் திறந்து வைத்தது நான்.

அதன் பிறகு நான் மாற்றியவை இரண்டு. பெட்ரோலும் பேட்டாவும் வாரா வாரம் சனிக்கிழமை, சம்பளம் ஒன்றாம் தேதி, கமிஷன் ஏழாம் தேதி என்பதில் ஒரு நாளும் பிசகுவதில்லை. அடுத்தது, மாதம் இரு முறை ஒவ்வொரு கடைக்கும் பாக்கித் தொகை அலுவலகத்திலிருந்து நேராக வாட்ஸ்அப்பில் போகும். கூடவே கம்பெனிப் பெயரில் உள்ள கியூ.ஆர். அட்டையைக் கடைக் கல்லாவின் ஓரத்தில் ஒட்டிவிட்டோம். நீங்கள் முதல் நாளிலிருந்தே இப்படித் தொடங்கலாம். புதிய கடைக்கு “பில் டு பில்” தவிர வேறு கடன் கொடுக்கக் கூடாது. அதாவது அடுத்த சரக்கு இறங்கும்போது முந்தைய பில் முடிய வேண்டும்.

கடை பணம் தராமல் மூடிக்கொண்டு போனால் அந்தத் தொகையைப் பிரதிநிதியின் சம்பளத்தில் பிடிப்பது பல இடங்களில் நடக்கிறது. சட்டம் அதற்கு இடம் தரவில்லை. பிரதிநிதியின் பொறுப்பில் ஒப்படைத்த சரக்கோ, அவர் கணக்குக் காட்ட வேண்டிய பணமோ அவருடைய அலட்சியத்தாலோ தவறாலோ நேரடியாகத் தொலைந்தால்தான், அதுவும் விளக்கம் கேட்ட பிறகே, ஊதியத்தில் பிடிக்கலாம். 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் இன்னொன்றையும் கவனியுங்கள்: கமிஷன், பயணப்படி போன்றவை ஊதியக் கணக்கில் சேராதவை என்றாலும், அப்படிச் சேராதவற்றின் கூட்டுத்தொகை மொத்தச் சம்பளத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி ஊதியமாகவே கருதப்படும். அடிப்படைச் சம்பளத்தை ஐயாயிரமாகக் காட்டி மீதியைப் படிகளாகப் பிரிக்கும் யோசனையை யாராவது சொன்னால் ஒதுக்கிவிடுங்கள். குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போவதும் கூடாது, நியமனக் கடிதம் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். உற்பத்திக் கூடத்தில் இருப்பவர்களையும் சேர்த்து பத்துப் பேர் ஆனால் இ.எஸ்.ஐ., இருபது பேர் ஆனால் பி.எஃப். வரும். இ.எஸ்.ஐ. வராத நிலையில், நாள் முழுக்க பைக்கில் இருப்பவருக்கு வேலை நேரத்தில் விபத்து நேர்ந்தால் இழப்பீடு உங்கள் பொறுப்பு. அதற்கான தொழிலாளர் இழப்பீட்டு பாலிசி இல்லாமல் ஒருவரையும் லைனுக்கு அனுப்பாதீர்கள்.

முன்பு சொன்ன, நாலு கம்பெனிச் சரக்கோடு லைன் போகிறவரை அவிநாசி, சேவூர் பக்கம் பயன்படுத்தலாம். அங்கே கடைகள் சிதறிக் கிடக்கும், தனியாக ஒருவருக்குச் சம்பளம் கட்டுபடியாகாது. ஊதுபத்தியோ அப்பளமோ தீப்பெட்டியோ விற்பவராகப் பாருங்கள். வேறு மசாலா எடுப்பவர் வேண்டாம். அவர் ஊழியர் அல்லர், முகவர். அவருக்குக் கமிஷன் மட்டும் கொடுப்பது நியாயமே, ஏனென்றால் பெட்ரோல் செலவை நாலு பொருளும் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் 5 சதவீதத்துக்கு உங்கள் பொடியை அவர் பையின் அடியில்தான் வைப்பார். 8 சதவீதம் வரை போகலாம், சம்பளக்காரருக்கு ஆகும் செலவை அது மிஞ்சாது. பில் உங்கள் பெயரிலேயே போகட்டும். அவர் பெயரில் பில் போட்டால் அவரும் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டிவரும்.

அவரோடு ஒரு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதிக்கொள்ளுங்கள். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் முகவருக்குச் சில உரிமைகளைத் தருகிறது. விற்ற சரக்குக்கு அவர் கைக்கு வந்த பணத்தில் தமக்குரியதை நிறுத்தி வைத்துக்கொள்ள 219ஆம் பிரிவு இடம் தருகிறது. பணம் கம்பெனிக் கணக்குக்கே வர வேண்டும், கமிஷன் பணம் வந்த பிறகே எழும் என்று எழுதிவிட்டால் அந்தத் தகராறு வராது. விலகிப் போனால், அதற்கு முன் எடுத்த ஆர்டர்களுக்கு 60 நாளுக்குள் வசூலானால் கமிஷன் உண்டு என்றும் எழுதுங்கள். “விலகிய பிறகு இரண்டு ஆண்டு வேறு மசாலா விற்கக் கூடாது” என்ற வரியை வக்கீல் சேர்த்தால் எடுத்துவிடச் சொல்லுங்கள். 27ஆம் பிரிவின்படி அது செல்லாது. ஆண்டுக்கு ரூ.20,000-க்கு மேல் கமிஷன் போனால், தொழில் தனிநபர் பெயரில் இருந்து முந்தைய ஆண்டு விற்பனை ஒரு கோடியைத் தாண்டியிருந்தால் 2 சதவீதம் வரி பிடிக்க வேண்டும். 1961ஆம் ஆண்டுச் சட்டத்தில் இது 194எச் பிரிவு. 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் வந்ததால் எண் மாறியிருக்கிறது, ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விளம்பரம் கொடுப்பதற்கு முன் ஒரு வாரம் தம்பியைக் கூடத்தில் விட்டுவிட்டு நீங்களே திருப்பூருக்குப் போங்கள். காங்கயம் சாலை ஒரு நாள், பி.என். சாலை ஒரு நாள், தாராபுரம் சாலை ஒரு நாள் என்று ஆறு நாளும் ஆறு லைன். எத்தனை கடை ஏறினீர்கள், எத்தனை பேர் எடுத்தார்கள், எடுக்காதவர் என்ன சொன்னார், வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். நான் மேலே ஒன்பது பில், ரூ.600 என்று வைத்துக்கொண்ட இடத்தில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். ஆறு பில்தான் வந்தது என்றால் ஆளை மாற்றித் தேடிப் பயன் இல்லை, பாக்கெட் அளவையோ விலையையோ காரத்தையோ பார்க்க வேண்டும். பன்னிரண்டு வந்தது என்றால் அந்த நோட்டையே, வேலைக்கு வருபவர் முன்னால் விரித்து வைத்துச் சம்பளம் பேசலாம்.